கடலைத் தேடினா... காட்டன் கிடைக்குது!

காரைக்குடின்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும் பாஸ்? ஆயிரம் ஜன்னல் வீடு, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், மிளகு தூக்கலா ஒரு சிக்கன்... அதிகபட்சம், பெரிய வீட்டு முற்றத்துல நடக்கிற சினிமா ஷூட்டிங்! கடல் ஞாபகம் வருமா? சான்ஸே இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. கண்மாய் இருக்கு, ஊருணி இருக்கு, வெயில் தாராளமா இருக்கு. அலையில கால் நனைக்கணும்னா தேவகோட்டை, திருவாடானை தாண்டி தொண்டி வரைக்கும் பஸ்ல குலுங்கணும். ஐம்பது கிலோமீட்டர் போல!

ஆனா, கடல் ஆராய்ச்சிக்கும் இந்த ஊருக்கும் ரொம்ப நாள் பழக்கம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுக்க, 1948 ஜூலையில நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நேரத்துல திறந்ததுதான் 'சிக்ரி'ங்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். இரும்பு ஏன் துருப்பிடிக்குது, அதை எப்படித் தடுக்கிறதுங்கறது அவங்களோட பழைய கேள்விகள்ல ஒண்ணு. துருன்னா உப்புக்காத்து... உப்புக்காத்துன்னா கடல்! ஸோ, தலைமை ஆபீஸ் காரைக்குடியில இருந்தாலும் மண்டபத்துலயும் தூத்துக்குடியிலயும் கிளை போட்டு, உலோகத் தகடுகளைக் கடலோரம் காய வெச்சுப் பார்த்தாங்க. 1985-ல உருவான அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் கடலியல் துறை ஒண்ணு இருக்கு. அதோட கேம்பஸ் இருக்கிற இடம், அதே தொண்டி!

ஆக, கடல் இல்லாத ஊர், கடலை பாட்டில்ல பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து பார்க்குது. நல்ல விஷயம்தானே? ஆனா அந்த பாட்டிலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே என்னவெல்லாம் போய் விழுதுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா?

என் ஃப்ரெண்ட் ஒருத்தி யோசிச்சா. எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். (எந்த காலேஜ்னு கேட்காதீங்க, அவளுக்கு இன்னும் வைவா முடியலை!) தலைப்பு, 'மீன் வயிற்றில் மைக்ரோ பிளாஸ்டிக்'. 5 மில்லி மீட்டருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் துணுக்குக்குத்தான் அந்தப் பேர். 2004-ல இங்கிலாந்தோட பிளிமத் பல்கலைக்கழக விஞ்ஞானி ரிச்சர்ட் தாம்ப்சன் 'சயின்ஸ்' பத்திரிகையில ஒரு சின்னக் கட்டுரை எழுதப்போக, அந்த வார்த்தை உலகம் பூரா பத்திக்கிச்சு. இன்னிக்கு எந்த காலேஜ் கடல் டிபார்ட்மென்ட்டை எட்டிப் பார்த்தாலும் யாராவது ஒருத்தர் இதைப் பண்ணிக்கிட்டிருப்பாங்க. காரணம் சிம்பிள். செலவு கம்மி! மார்க்கெட்ல மீன் வாங்கு, குடலை எடு, பத்து சதவிகித பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊறப்போடு. ரெண்டு நாள்ல சதை எல்லாம் கரைஞ்சிடும், பிளாஸ்டிக் பெரும்பாலும் கரையாது. வடிகட்டு, மைக்ராஸ்கோப்புல வெச்சு எண்ணு. முடிஞ்சது கதை!

அவ எண்ணினா. காரல் மீன் குடலுக்குள்ளே வந்ததெல்லாம் துண்டோ குருணையோ இல்லை... பிசிறு. நூல் பிசிறு! இங்கிலீஷ்ல 'மைக்ரோ ஃபைபர்'. நீலம், சிவப்பு, கறுப்புன்னு கலர் கலரா. கூடவே நிறைய மஞ்சள். மூணு நாள் மஞ்சள் மஞ்சளா வந்ததும் சந்தேகம் வந்து தன்னோட துப்பட்டாவுல ஒரு நூலைப் பிச்சு பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கா. அச்சு அசல் ட்வின்ஸ்!

"டேய், இது மீன் முழுங்கினதா... நான் போட்டதா?"

இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் செட்டிநாட்டை ரெண்டு நாள் சுத்தினோம்.

முதல் ஸ்டாப், கானாடுகாத்தான். டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ளே விடற ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டுன்னு ஒரு தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல வெளியே வர்ற அளவுக்கு நீளம். பர்மா தேக்குத் தூண். சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்ச்ச சுவர், இத்தனை வருஷம் ஆகியும் கை வெச்சா கண்ணாடி மாதிரி வழுக்குது. காலுக்குக் கீழே ஆத்தங்குடி டைல்ஸ். சிமென்ட்டும் மணலும் சாயமும் கண்ணாடி மேல ஊத்தி வார்க்கிறதால அதுக்கு அந்த மினுமினுப்பு.

ஒரு இருட்டு ரூம்ல மேலே இருந்த கலர் கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் ஒரு கம்பு மாதிரி சாய்ஞ்சு விழுந்துச்சு. அந்த வெளிச்சத்துக்குள்ளே ஆயிரம் தூசி டான்ஸ்! சின்ன வயசுல நாம எல்லாரும் கை நீட்டிப் பிடிக்கப் பார்த்த அதே தூசிதான். அவ மட்டும் பக்கத்துல போய் முறைச்சுப் பார்த்துட்டு, "நீளமா மிதக்குது பாரு... அது தூசி இல்லடா, துணி"ன்னா. நிஜம்தான். மனுஷன் நடமாடற எந்த ரூம்லயும் காத்துல துணிப் பிசிறு இருக்கும். உட்கார்ந்தா உதிரும், எழுந்தா உதிரும், கையைத் தூக்கினா உதிரும். ஜன்னல் இல்லாத இடத்துல அது கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

வீட்டைப் பார்த்துக்கிற பெரியவர் ஈரத்துணியோட தரையைத் துடைச்சுக்கிட்டிருந்தார். "ஐயா, விளக்குமாறு வெச்சுப் பெருக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டேன். "பெருக்குனா தூசி போகாது தம்பி, கொஞ்ச நேரம் மேல போய் நின்னுட்டு திரும்ப இறங்கும். ஈரத்துணிதான் அதைப் பிடிக்கும்." ஃப்ரெண்ட் என்னைப் பார்த்தா. நுண்ணிழை ஆராய்ச்சி பண்ற லேப்களோட விதிமுறையில முதல் பக்கத்துல இருக்கிற சமாச்சாரம் இது. வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேஜையை ஈரமா துடை, பெருக்காதே!

அடுத்தது, கண்டாங்கி சேலை நெய்யற ஒரு தறி வீடு. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து நம்ம பொண்ணுங்க மறுபடியும் அதைக் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. தடிச்ச பருத்தி, பெரிய பெரிய கட்டம், அகலக் கரை. அரக்கு, மஞ்சள், கறுப்புன்னு கண்ணுல அறையற கலர். தறி 'தடக்... தடக்'னு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பொடிப்பொடியா பஞ்சு கிளம்புது. தறிக்கட்டை மேல, சுவர் ஒட்டடையில, நெய்யற அக்காவோட புருவத்துல கூட பஞ்சு.

"பருத்திதான் இப்படிப் பறக்கும், பாலியஸ்டர் பறக்காதுல்ல?"ன்னு அக்கா கேட்டாங்க. பறக்கும்க்கா! 2011-ல மார்க் பிரவுன்ங்கிற ஆய்வாளரும் அவர் டீமும் வாஷிங் மெஷின்ல இருந்து வெளியே வர்ற தண்ணியை வடிகட்டி எண்ணிப் பார்த்தாங்க. ஒரே ஒரு பாலியஸ்டர் துணியை ஒரு தடவை துவைச்சா 1,900 இழைக்கு மேல உதிரலாம்னு தெரிஞ்சது. சாக்கடை, வாய்க்கா, ஆறு, கடல்... அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

மைக்ராஸ்கோப்புல ரெண்டும் வேற வேற ஜாதி. பருத்தி இழை, தட்டையான ரிப்பனை முறுக்கி விட்ட மாதிரி அங்கங்கே திரும்பித் திரும்பிப் போகும். பாலியஸ்டர், கண்ணாடிக் குச்சி மாதிரி ஒரே சைஸ்ல வழவழன்னு ஓடும். ஸ்லைடு ஒண்ணு கிடைச்சா நீங்களே உங்க சட்டை நூலை வெச்சுப் பாருங்க, செம இன்ட்ரஸ்டிங்கா இருக்கும். காய்ச்சின ஊசியால தொட்டுப் பார்க்கிற டெக்னிக்கும் உண்டு. பிளாஸ்டிக்னா உருகிச் சுருளும், பருத்தின்னா உருகாது, கருகும். ஆனா சாயம் ஏறின, உப்புத் தண்ணியில நைஞ்ச அரை மில்லி மீட்டர் பிசிறை வெச்சுக்கிட்டுக் கண்ணால மட்டும் தீர்ப்பு சொல்றது ரிஸ்க். நிச்சயமா தெரியணும்னா எஃப்.டி.ஐ.ஆர். மெஷின் வேணும். அதுக்கு வெளியே காசு கட்டி வரிசையில நிக்கணும். நிறைய ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் இந்த இடத்துலதான் நொண்டும். கலரா இருக்கா... 'பிளாஸ்டிக்'னு ஒரு டிக், அடுத்த மீன்!

இதுல இருக்கிற ஆபத்து எவ்வளவு பெருசுன்னு 2020-ல தெரிஞ்சது. இத்தாலியைச் சேர்ந்த ஜியூசெப்பே சுவாரியாவும் அவர் கூட்டாளிகளும் ஆறு கடல் பரப்புகள்ல 916 தண்ணி சாம்பிள் எடுத்து, அதுல கிடைச்ச இழைகள்ல சுமார் 2,000-ஐ மெஷின்ல வெச்சு ஜாதகம் பார்த்தாங்க. பாலியஸ்டர், நைலான் மாதிரி செயற்கை இழை எவ்வளவு இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? வெறும் 8.2 சதவிகிதம்! 79.5 சதவிகிதம் பருத்தி மாதிரி செடியில இருந்து வந்த சரக்கு, மீதி கம்பளி மாதிரி மிருக ரோமம். உலகத்துல இப்போ உற்பத்தியாகற இழையில மூணுல ரெண்டு பங்கு செயற்கைங்கறதை ஞாபகம் வெச்சுக்கிட்டு இந்தக் கணக்கைப் பாருங்க, தலை சுத்தும். கலர் இழை எல்லாம் பிளாஸ்டிக்னு எழுதின எத்தனையோ பழைய கட்டுரைகளை மறுபடியும் திறந்து பார்க்கணும் போல!

அதுக்காக 'அப்பாடா, பருத்திதானே, மக்கிப் போயிடும்'னும் சொல்லிட முடியாது. சாயமும் கெமிக்கலும் ஏத்தின பருத்தி, கடல்ல இத்தனை கிடக்குதுன்னா அது சீக்கிரமா மக்கலைன்னுதானே அர்த்தம்?

இங்கேதான் ஒரு சூப்பர் சிக்கல். பிளாஸ்டிக் தேடற லேப்ல எல்லாரும் சொல்ற அட்வைஸ், 'செயற்கைத் துணி போடாதே, காட்டன் கோட்டு போடு'. சரிதான், உங்க கோட்டு உதிர்ந்தாலும் பிளாஸ்டிக் கணக்கு ஏறாது. ஆனா கடல்ல கிடக்கிறதுல பெரும்பகுதி பருத்தின்னா? அதையும் எண்ணணும்னா? அப்போ உங்க வெள்ளைக் காட்டன் கோட்டே எதிரி! காட்டன் கோட்டு பிரச்னையைத் தீர்க்கலை, கண்ணுல இருந்து மறைச்சுடுச்சு. அதனால சில லேப்கள்ல வேற யாரும் போடாத பளிச் கலர்ல கோட்டு தைச்சுப் போட்டுக்கறாங்க. உதிர்ந்தா உடனே தெரிஞ்சிடும் பாருங்க. எங்க ஆளு தறி வீட்டுல அரக்கு கலர் கண்டாங்கியைத் தடவிக்கிட்டே, "இதுல ரெண்டு கோட்டு தைக்கலாமா?"ன்னு கேட்டா. நெய்யற அக்காவுக்குச் சிரிப்பு தாங்கலை.

சரி, காத்தையே நிறுத்த முடியாதே... என்ன பண்றது? 'பிளாங்க்' வைக்கணும். வெத்து சாம்பிள்! மீன் குடல் எந்தெந்த வழியா போகுதோ அதே பாத்திரம், அதே கெமிக்கல், அதே நேரம், அதே மேஜை... மீன் மட்டும் இருக்காது. மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்துலயும் ஈரமான ஒரு ஃபில்டர் பேப்பரைத் திறந்து வைக்கணும். நீங்க மீனை எண்ணி முடிக்கறதுக்குள்ளே அதுல என்ன விழுதோ, அதுதான் உங்க ரூமோட கைவரிசை. பேச்சுக்கு, மீன்ல அஞ்சு இழை, பிளாங்க்ல நாலுன்னு வெச்சுக்குங்க. மீன் முழுங்கினது எத்தனை? ஒண்ணுன்னு கழிச்சுச் சொல்லலாம். என்னைக் கேட்டா, 'இந்த ரூம்ல உட்கார்ந்து சொல்ல முடியாது'ங்கறதுதான் நேர்மையான பதில். ஆனா வைவாவுல அப்படிச் சொல்ல ஒரு தில்லு வேணும்!

இந்த விஷயத்துல போலீஸ்காரங்க நமக்கு சீனியர். கொலை நடந்த இடத்துல ஒரு நூல் கிடைச்சா அது கொலைகாரன் சட்டையா, கான்ஸ்டபிள் சட்டையான்னு கோர்ட்ல கேட்பாங்களே... அதுக்காகத் தடயவியல்காரங்க ரொம்ப நாளா வெச்சிருக்கிற முறைகளை, லூசி உடால்ங்கிற கடல் விஞ்ஞானியும் அவர் குழுவும் 2015-ல கடலடி மண் ஆராய்ச்சிக்குக் கொண்டு வந்தாங்க. சாம்பிள்ல வந்து சேர்ற இழைகள் 90 சதவிகிதம் குறைஞ்சது. சாம்பிளை எடுத்த பிறகு நாம சேர்த்துவிடற சமாச்சாரம் எவ்வளவுன்னு பார்த்துக்குங்க.

கையுறை போட்டா தப்பிச்சோமா? அதுவும் இல்லை. 2020-ல ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒரு வில்லங்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. யூஸ் அண்ட் த்ரோ கையுறையில பூசியிருக்கிற சோப்பு மாதிரியான ஒரு சமாச்சாரம் சாம்பிள்ல ஒட்டிக்கிட்டா, மெஷின் அதை பாலித்தீன்னு படிச்சிடுது! அதே மாதிரி, மணல்ல இருந்து பிளாஸ்டிக் பிரிக்க நம்ம ஊர்ல சாதா உப்புக் கரைசல்ல மிதக்க விடறாங்க. அந்தக் கரைசலோட அடர்த்தி 1.2. பாலியஸ்டரோட அடர்த்தி 1.38. மிதக்க வேண்டிய முக்கியமான ஆள் அடியிலேயே தங்கிடுவான். ஒரு பக்கம் இல்லாததைச் சேர்க்கிறோம், இன்னொரு பக்கம் இருக்கறதை விடறோம்.

இதெல்லாம் விட பெரிய வில்லன் நம்ம தலைக்கு மேல சுத்துது. ஃபேன்! வெளிநாட்டு விதிமுறையில 'காற்றோட்டத்தைக் குறைக்கவும்'னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடறாங்க. காரைக்குடி சித்திரை வெயில்ல, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முழுக்கை கோட்டு போட்டு ஆறு மணி நேரம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு உட்கார்ந்து பாருங்க தெரியும். அவ வியர்வையைத் துடைச்சா கர்ச்சீப் உதிரும். துடைக்காம விட்டா ஸ்லைடுல சொட்டும். லேப்ல இருக்கிற மத்த நாலு பேரும் ஃபேன் சுவிட்ச்சையே பார்த்துக்கிட்டு அவளைத் திட்டுவாங்க. சுத்தக் காத்துப் பெட்டி வாங்க வசதி இல்லாத காலேஜ்ல நேர்மையா ஒரு பிசிறை எண்ணறதுக்கு இவ்வளவு விலை.

"ஒரு பிசிறுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்கறீங்கதானே? நானும் கேட்டேன். அதுக்கு பதில் தொண்டியில இருந்துச்சு.

பாண்டியர் காலத்துத் துறைமுகம். இப்போ அமைதியா, ஆழமே இல்லாம, தட்டுல ஊத்தி வெச்ச மாதிரி கிடக்குது பாக் நீரிணைக் கடல். அலை கூட சத்தம் போடாம வருது. கரையில ஒரு அண்ணன் நண்டு வலையைப் பிரிச்சுப் போட்டு அறுந்த கண்ணியை முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தார். நாங்க வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிடுச்சு.

"நீங்க மீன்ல பிளாஸ்டிக் இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க தம்பி. மறுநாள் டி.வி.யில சொல்லுவான். கூடையைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா போற பொம்பளைக்கு யார் பதில் சொல்றது?"

நியாயம்தானே! 2014-ல ஜெர்மனியில 24 பீர் பிராண்டை ஆராய்ஞ்சு எல்லாத்துலயும் நுண்ணிழை, துணுக்கு இருக்குன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அடுத்த வருஷமே அந்த நாட்டு ஆய்வாளர்கள் வேற சிலர், 'அது பீர்ல இருந்ததா, லேப்ல சேர்ந்ததா'ன்னு தலைப்புலேயே கேட்டு ஒரு மறுப்புக் கட்டுரை போட்டாங்க. பீர் கம்பெனிக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கு, வக்கீல் இருக்கு. காரல் விக்கிற அக்காவுக்கு யாரு இருக்கா?

அதே அண்ணன், வலையைத் தூக்கிக் காட்டினார். "எங்கப்பா காலத்துல பருத்தி நூல் வலை. புளியங்கொட்டைச் சாயம் போட்டுக் காய வைப்பாங்க. இப்ப எல்லாம் நைலான். பாறையில மாட்டுனா அறுத்துவிட்டுட்டு வந்துடுவோம்." அறுத்துவிட்ட வலை எங்கே போகும்? அங்கேயேதான் கிடந்து நைஞ்சு இழை இழையா பிரியும். 2020-ல தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையத்துக்காரங்க உப்பளத்து உப்பை ஆராய்ஞ்சப்போ, கிணத்துத் தண்ணியில விளைஞ்ச உப்பை விட கடல் தண்ணியில விளைஞ்ச உப்புல மைக்ரோ பிளாஸ்டிக் அதிகம்னு கண்டாங்க. ரெண்டும் ஒரே லேப், ஒரே கைகள். லேப் தூசி மட்டும்தான் காரணம்னா ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானே இருந்திருக்கணும்? ஆக, கடல்ல நிஜமாவே இருக்கு. 'எல்லாம் லேப் தூசி'ன்னு சொல்லிக் கை கழுவ நினைக்கிற ஆளுங்களுக்கும் இடம் கொடுக்க முடியாது. மீன்காரருக்கு எதிரா ஒரு பொய்யான நம்பர் வரக் கூடாது, குப்பை கொட்டறவனுக்குச் சாதகமா ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது அந்த வெத்து சாம்பிள் ஒண்ணுதான்.

அன்னிக்கு சாயங்காலம் அண்ணனோட வத்தையில கொஞ்ச தூரம் போனோம். எங்க ஆளு பாட்டில்ல தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் தட்டை விளிம்புல வெச்சு, உள்ளே ஈரமான வட்டப் பேப்பர் போட்டுத் திறந்து வெச்சா.

"இதுல என்னம்மா பிடிக்கப் போற?"

"உங்க பனியனை அண்ணே!"

அவர் புரியாம பார்த்தார். இவ நோட்டுல எழுத ஆரம்பிச்சா. லுங்கி, பச்சைக் கட்டம். பனியன், வெள்ளை. என் சட்டை, சாம்பல். அவ சுடிதார், இந்தத் தடவை ஜாக்கிரதையா அழுத்தமான ஊதா. படகுக் கயிறு, நீல நைலான். அப்புறம் சின்னச் சின்னக் கவர் எடுத்து, ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு நூல் பிச்சுப் போட்டுப் பேர் எழுதினா. தண்ணியில இதே நூல் கிடைச்சா அது கடலோடது இல்லை, நம்மளோடதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். விஷயம் புரிஞ்சதும் அண்ணனுக்கு ஒரே குஷி. லுங்கி ஓரத்துல தொங்கின பிசிறை அவரே பல்லால கடிச்சு அறுத்து, நீட்டினார்.

"எச்சில் பட்டுருச்சே... வேற தரவாம்மா?"